ஓரியூர் அருளானந்த அடிகள்

செய்ந்நன்றியறிதலைத் திருவள்ளுவர் இல்லறவியலுள் ஓர் அதிகாரமாக வைத்தருளினார். அதுபற்றி, அவ்வறம் மனைவி மக்களோடு வாழ்வார்க்கே உரியதென்றும், உற்றாரையும் ஊரையும் விட்டு நீங்கிய துறவிக்கு யாரிடத்தும் கடப்பாடு இல்லையென்றும் சிலர் எண்ணுதல் கூடும். சற்று ஆராய்ந்தால் நிலைமை வேறாகத் தோன்றும். தன் நிலத்தில் விளைந்ததை உண்பவன் மழைக்கும் மாட்டிற்கும் கடமைப்பட்டவன். பிறன் இட்ட அன்னத்தை உண்டு, பிறன் கூரையின்கீழ்ப் படுத்து, பிறன் மொழியைக் கற்றுப் பேசி, பிறன் நாட்டில் நடமாடுகிறவனோ ஒவ்வொரு வேளையும் ஒவ்வொருவருக்குக் கடமைப்பட்டவன். அத்தகைய ஒருவருடைய சரித்திரத்தையே இம்மாதம் நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் எழுதப் புகுந்தோம். அவர் வாழ்ந்ததும் மாண்டதும் நம் மறவர் சீமையிலே. பிறந்ததோ ஏழு கடலுக்கு அப்பால்.

நம் சங்கத்தாருள் சிவனை வழிபடுவாரும் திருமாலை வழிபடுவாரும் உளர். சில தலைமுறைகளாகக் கிறிஸ்து சமயத்தைத் தழுவிய குடும்பத்தாரும் உளர். இச்சரித்திரத்தில் ஒரு சமயத்தார்க்குப் பெருமையும் மற்றொரு சமயத்தார்க்குச் சிறுமையும் தேட நாம் கருதவில்லை. நம் முன்னோருட் சிலர் அவருக்குச் சோறிட்டனர்; சிலர் அவரைக் கட்டி அடித்தனர். இரண்டையும் உள்ளபடி சொல்லுதல் நம் கடன்.

போர்த்துக்கல் தேசத்து லிஸ்பன் மாநகரில் 1647-ம் வருஷம் மார்ச்சு மாதம் 1-ந் தேதி உயர்குடியொன்றிற் பிறந்தவர் ஜான் தெ பிரிட்டோ. தந்தையார் அரச காரியமாகப் பிரேசில் தேசத்திற்குச் சென்று, பிள்ளை நன்கு நடக்கத் தொடங்கிய பருவத்திலேயே அங்கு காலமானார். தாயார் பெயத்ரீஸ் அம்மையாரே மக்களை வளர்த்தார். பிள்ளைகளுள் இளையவராகிய ஜான், நாலாம் ஜான் மன்னருடைய அரண்மனையில் சிறுபணியாளராகச் சேர்ந்து, இளவரசர் பேதுருவுக்கு விளையாட்டுத் தோழராயினார். பட்டும் பொன்னும் பரிவாரமும் அவருக்குக் கண்பழகிய பொருள்கள்.

அரண்மனையிலிருக்கையில், ஏறக்குறையப் பதினோராம் வயதில், அவர் கடும் நோயுற்றார். மருத்துவர் கைவிட்டனர். நம் நாட்டுத் தாய்மார் பழனியாண்டவனுக்குக் காவடியும் சமயபுரத்தாளுக்கு மாவிளக்கும் நேர்ந்துகொள்வதுபோல, அத்தாயும் ஒரு நேர்த்தி செய்துகொண்டார். பிள்ளை பிழைத்தால், இந்திய தேசத்திற் பணிசெய்து மறைந்த சவேரியாரின் பொருட்டு, அவர் சார்ந்த யேசு சபையாரின் கறுப்பு அங்கியை ஓராண்டு முழுதும் அணிவிப்பதாக நேர்ந்தார். பிள்ளை பிழைத்தது. பட்டுடுத்த அரசிளங்குமரர் நடுவே இவர் ஒருவர்மட்டும் ஓராண்டு கறுப்பங்கியோடு திரிந்தார். அரண்மனைப் பிள்ளைகள் நகையாடியிருப்பர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஓராண்டு கழிந்ததும் தாயார் தம் கடன் தீர்ந்ததென்று அங்கியைக் களைவித்தார். பிள்ளையின் உள்ளத்தில் அக்கடன் தீரவில்லை. 1662-ம் வருஷம் டிசம்பர் மாதம் 17-ந் தேதி, பதினைந்தாம் வயதில், அவர் யேசு சபையிற் சேர்ந்து அவ்வங்கியைத் தாமே மீண்டும் எடுத்து அணிந்தார். நன்றிக்கடனைத் தொடங்கிவைத்தவர் தாயார். அது வட்டியோடு வளருமென்பதை அவர் அன்று நினைத்திரார்.

பின்னும் பத்தாண்டுகள் கல்வியிற் கழிந்தன. எவோராவிலும் கோயம்பிராவிலும் பயின்று குருப்பட்டம் பெற்றவுடன், சவேரியார் உழைத்த இந்திய தேசத்திற்கே தம்மை அனுப்பவேண்டுமென்று மேலோரை வேண்டினார். தாயார் அதைத் தடுக்கப் பெரியோர் பலரிடம் முறையிட்டார். பயனில்லை. 1673-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் லிஸ்பனிற் கப்பலேறியவர் செப்டம்பர் மாதத்திற் கோவாவை அடைந்தார். அக்காலத்துக் கடல்யாத்திரை எத்தகையதென்பதை இக்கால வாசகர் எளிதில் உணரார். அழுகிய நீர், அளவிட்ட உணவு, கப்பலைப் பற்றும் காய்ச்சல் ஆகிய இவற்றால் உடன் வந்தோருட் சிலர் கரை காணாமலே மாண்டனர். மறு வருஷம் மலையாளத்து அம்பழக்காட்டிலிருந்து மலை கடந்து நடந்தே தமிழ்நாட்டுள் புகுந்து, செஞ்சிச் சீமையின் எல்லையிலே தம் பணியைத் தொடங்கினார்.

அவர் சேர்ந்த மதுரைத் திருப்பணி 1606-ம் வருஷம் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் எனும் ராபர்ட் தெ நோபிலியார் தொடங்கியது. ஐரோப்பியரை அக்காலத்தார் பறங்கியர் என்று இகழ்ந்தனர். மாட்டிறைச்சியும் மதுவும் குளியாமையும் பறங்கியரின் அடையாளங்களாக எண்ணப்பட்டன. ஆதலின் நோபிலியார் பிராமண சந்நியாசி கோலம் பூண்டு வாழ்ந்தார். அக்கோலத்தார் ஏழை எளியவரோடும் தாழ்த்தப்பட்ட மக்களோடும் வெளிப்படையாகக் கலத்தல் அக்கால வழக்கிற்கு ஒவ்வாததாயிற்று. அதனால் 1640-ம் வருஷத்தையடுத்துப் பண்டாரசுவாமிகள் என்னும் மற்றொரு வகையினர் ஏற்பட்டனர். சைவப் பண்டாரங்களின் தோற்றத்தை ஒத்த இவர்கள் எல்லா வகுப்பாரிடமும் செல்லலாம். நம் சரித்திர நாயகர் ஏற்றது இப்பண்டாரக் கோலமே. ஜான் என்னும் பெயரின் பொருளைத் தழுவி அருளானந்தர் என்று பெயர் கொண்டார். சாதி வழக்கத்தை மாற்ற அவர் முற்படவில்லை. அதற்குட் புகுந்து நடந்தார். இது தகுமா என்று அவர் சமயத்தாருள்ளேயே அந்நாளில் வழக்காடினர். நமக்கும் இதில் கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் அரண்மனையில் வளர்ந்த ஒருவர், மேல்வரிசையில் அமரும் கோலத்தை விட்டு எல்லார் வாயிலுக்கும் செல்லத்தக்க கோலத்தை மேற்கொண்டார் என்பதை மறுப்பாரில்லை.

இனி அவருடைய அன்றாட வாழ்வைச் சிறிது விரித்துரைப்போம். சரித்திரம் எழுதுவோர் பலர் அடிகளின் மரணத்தை விரித்து வாழ்வைச் சுருக்குவர். மரணம் ஒருநாட் செய்தி. இருபதாண்டு நாள்தோறும் நடந்ததே அருமை.

காவி படிந்த நீண்ட ஆடை, தலையில் ஒரு துணிப்பாகை, கையில் மூங்கிற்கோல், காலில் மரத்தாலான பாதுகை. இவையே அவர் உடைமை. ஊனும் மீனும் முட்டையும் மதுவும் தொடுவதில்லை. நாளுக்கு ஒருவேளை சோறு. அதனோடு கீரையோ காயோ பருப்போ, கிடைத்தால் சிறிது பாலும் நெய்யும். படுக்கை தரையில் விரித்த பாய் அல்லது தோல். இருப்பிடம் மண்சுவரும் ஓலைக்கூரையும். மழைக்காலத்தில் அது ஒழுகும், வெயிற்காலத்தில் அடுப்பாகும். பஞ்சமும் போரும் நாட்டை மாறிமாறி வருத்திய காலம் அது. 1677-ம் வருஷம் சிவாஜி மன்னர் செஞ்சியைக் கைப்பற்றினார். தஞ்சையிலும் மதுரையிலும் ஆட்சிகள் ஆட்டங்கண்டன. படைகள் போன வழியில் நெல் இல்லை. அடிகள் உண்ட ஒருவேளைச் சோறும் யாரோ ஓர் ஏழைக் குடியானவன் தன் பானையிற் குறைத்துக்கொண்டு கொடுத்ததாகும்.

விடியுமுன் எழுந்து தியானம். இருள் பிரியாத நேரத்திலேயே பூசை. பிறகு உபதேசம் கேட்க வந்தவர்க்குப் போதனை, நோயாளிக்கு மருந்து, வழக்காளிக்கு நியாயம். கணவன் மனைவி பிணக்கும், வரப்புத் தகராறும், கொடுக்கல் வாங்கலும் அவர் முன் வந்தன. கள்ளருக்கும் மறவருக்கும் பள்ளருக்கும் பறையருக்கும் செவிகொடுத்தார். பாவசங்கீர்த்தனம் கேட்பது பல இரவுகளில் நடுச்சாமம் கடந்தும் நிகழும். ஓரூரில் ஆபத்தென்று செய்தி வந்தால் இரவோடிரவாகப் புறப்பட்டுக் காட்டுவழியே அடுத்த ஊர் செல்லவேண்டும். அரண்மனையிற் கம்பளத்தின்மேல் நடந்த கால்கள் கருவேல முள்ளிலும் கரிசற் சேற்றிலும் நடந்தன.

இவ்வளவிற்கும் அவருக்குத் துணை யார்? உபதேசியார் என்று வழங்கப்பட்ட தமிழரே. எந்த ஊரில் எவர் வீட்டிற் தங்கலாம், எந்தத் தலைவரிடம் எவ்வாறு பேசவேண்டும், எச்சொல் தமிழில் தகும், எது தகாது என்பவற்றை அவர்களே கற்பித்தனர். நாடுவிட்டு நாடு வந்து போதிக்கிறவர் தாம் ஒன்றைக் கொடுக்க வந்ததாகவே நினைப்பர். அன்னத்திலிருந்து அகரம் வரையில் எல்லாவற்றையும் முதலிற் பெற்றுக்கொள்கிறவர் அவர்தாம் என்பது பலருக்கு நினைவில் வருவதில்லை. அடிகளுக்கு வந்தது. அதற்குச் சான்று பின்னர்க் காட்டுவோம்.

அக்காலத்து மறவர் சீமை கிழவன் சேதுபதி என்று வழங்கும் இரகுநாத சேதுபதியின் ஆட்சியிலிருந்தது. போகலூரிலிருந்த தலைநகரை இராமநாதபுரத்திற்கு மாற்றிக் கோட்டை கட்டியவரும், மதுரை நாயக்கரின் மேலாட்சியை உதறித் தனியாட்சி நிறுவியவரும், 1710-ம் வருஷம் வரையில் அரசு புரிந்தவரும் அவரே. சேதுக் காவலர் என்பது அம்மரபினரின் தலையாய விருது. காசியிலிருந்து வரும் யாத்திரிகன் இராமேசுவரத்தில் நீராடித் திரும்பும்வரையில் அவன் உயிருக்கும் உணவுக்கும் பொறுப்பேற்பது அவர்கள் கடன். அந்நிய சமயம் ஒன்று தம் நாட்டிற் பரவுவதை அத்தகைய மன்னர் ஐயத்தோடு நோக்கினார் என்றால் அதில் வியப்பில்லை.

அவ்வையத்திற்குப் பழைய காரணமும் ஒன்று இருந்தது. 1549-ம் வருஷம் மண்டபத்திற்கு அண்மையிலுள்ள வேதாளையில், போர்த்துக்கீசியத் தளபதி ஒருவன் இராமேசுவர யாத்திரிகரை மறித்து வரி தண்டினான். அதனாற் படை திரண்டு வந்தது. தளபதியும் அவன் ஆட்களும் கப்பலைத் தேடி ஓடினர். கரையில் நின்று பெண்டு பிள்ளைகளைத் தோணியேற்றிக்கொண்டிருந்த அந்தோணி கிரிமினாலி என்னும் இத்தாலியக் குரு ஈட்டியாற் குத்துண்டு மாண்டார். வரி தண்டியவன் தப்பினான். கடமை செய்தவர் மாண்டார். பறங்கியர் என்றால் நம் கரையோரத்தார்க்கு எழுந்த வெறுப்பு இத்தகைய செயல்களிலிருந்து பிறந்தது. அருளானந்த அடிகள் வாளோடும் வரியோடும் வந்தவரல்லர். எனினும் அவற்றோடு வந்தவரின் நாட்டிற் பிறந்தவர்.

மறவர் சீமையிற் பல ஆண்டுகளாகக் குருமார் எவரும் நிலைத்துத் தங்க இயலவில்லை. 1686-ம் வருஷம் மே மாதத்தில் அடிகள் அங்கே சென்றார். மூன்று மாதத்திற்குள் ஏறக்குறைய 2,000 பேர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றனர். ஜூலை மாதம் 17-ந் தேதி மங்கலம் என்னும் இடத்தருகே சேதுபதியின் தளகர்த்தராகிய குமாரப் பிள்ளை அவரையும் உபதேசியார் சிலரையும் சிறைப்பிடித்தார். சிவ நாமத்தை உச்சரிக்கும்படி கட்டளை, மறுத்தவுடன் அடி. காளையார்கோவிலிற் கயிற்றிற் கட்டிக் குளத்துநீரில் அமிழ்த்தி அமிழ்த்தி எடுத்தனர். சொரசொரப்பான பாறைமேல் நண்பகல் வெயிலிற் கிடத்தி மிதித்தனர். உடன் பிடிபட்ட உபதேசியாரும் அவ்வடிகளில் பங்கு பெற்றனர். முடிவில் மரணதண்டனையும் விதிக்கப்பட்டது. அத்தறுவாயில் சேதுபதியின் ஆணை வந்து, அனைவரும் இராமநாதபுரத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

அங்கே நிகழ்ந்தது நம் முன்னோர்க்குப் பெருமை தருவது. மன்னர் அவரை நேரில் வரவழைத்தார், அவர் போதிக்கும் கொள்கை யாதென்று வினவினார், பொறுமையாகக் கேட்டார். கேட்டபின், கொல்லத்தக்க குற்றம் ஒன்றுமில்லையென்று தெளிந்து, அடிகளையும் உடனிருந்தோரையும் விடுதலை செய்தார். மறவர் சீமையில் இனிப் போதித்தலாகாது என்ற தடைமட்டும் விதித்தார். மரண தண்டனை வரையில் சென்ற ஒரு காரியத்தை, எதிரியின் வாயாலேயே வழக்கைக் கேட்டு மாற்றியருளியது செங்கோன்மை என்றே நாம் சொல்லுவோம்.

அவ்வாண்டே திருப்பணியின் செய்திகளைத் தெரிவிக்க அடிகள் ஐரோப்பாவிற்கு அனுப்பப்பட்டார். 1687-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் லிஸ்பனை அடைந்தபோது, பழைய விளையாட்டுத் தோழர் பேதுரு அரசராக வீற்றிருந்தார். நகரமே வரவேற்றது. தாயார் உயிருடனிருந்தார். பதினான்கு ஆண்டுகளுக்குப்பின் மகனைக் கண்ட அவ்வம்மையாரின் உள்ளத்தை நம் தாய்மாரே அறிவர். அரசர் அவரைத் தம்மிடமே இருத்திக்கொள்ள விரும்பினார். விருந்துகள் நடந்தன.

விருந்து மேசையில் அடிகள் சோறும் காய்கறியும் அன்றி வேறொன்றும் தொடவில்லை. மெத்தையை விட்டுத் தரையிற் படுத்தார். பறங்கியர் நாட்டில், பறங்கியர் நடுவில், கோலத்தை மறைக்க வேண்டிய காரணமே இல்லாத இடத்தில், அவர் பண்டாரமாகவே வாழ்ந்தார். மேலே நாம் சொன்ன சான்று இதுவே. தமிழ்நாட்டில் ஊன் மறுத்தது மக்களை ஈர்ப்பதற்கான உபாயமென்று ஒருவர் வாதிக்கலாம். லிஸ்பனில் ஊன் மறுத்ததற்கு அவ்வாதம் பொருந்தாது. தமக்குச் சோறிட்டவர் உண்டதையே உண்பது என்று அவர் தம்முள் ஓர் உறுதி செய்துகொண்டிருந்தார்போலும். வெளிநாடு சென்று திரும்பும் நம் பிள்ளைகளுட் சிலர் ஊர்க் கிணற்று நீர் உடம்புக்கு ஆகாதென்று சொல்லக் கேட்கிறோம். இவர் பிறந்த ஊருக்குத் திரும்பியும் புகுந்த ஊரின் சோற்றை விடவில்லை.

அரசர் வேண்டியும் தாயார் அழுதும் அவர் தங்கவில்லை. 1690-ம் வருஷம் மீண்டும் கப்பலேறி அவ்வாண்டிறுதியிற் கோவா சேர்ந்தார். 1691-ல் மதுரைத் திருப்பணிக்கும், 1692-ல் மறவர் சீமைக்கும் வந்துவிட்டார்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். அதை மழுப்பிச் செல்லுதல் நேர்மையாகாது. உயிர்ப்பிச்சை அளித்தவர் சேதுபதி. போதித்தலாகாது என்பது அவர் இட்ட ஒரே நிபந்தனை. அந்நிபந்தனையை மீறி அவர் நாட்டிலேயே மறைந்து வாழ்ந்து போதிப்பது நன்றி மறத்தல் ஆகாதா? அரச விசுவாசத்தைப் பெரிதெனக் கொண்ட நம் முன்னோர் பலர் அங்ஙனமே கருதியிருப்பர். அடிகள் பக்கத்துச் சொல்லத்தக்கதும் உண்டு. முன்னர்த் தம்மோடு அடிபட்ட உபதேசியாரும், ஞானஸ்நானம் பெற்ற இரண்டாயிரவரும் அச்சீமையிலேயே இருந்தனர். தமக்காக அடிபட்டவரைக் கைவிட்டுத் தம் உயிரை அளித்தவருக்கு அடங்கி வாழ்வதா, உயிரளித்தவரின் சொல்லைக் கடந்து அடிபட்டவரிடம் திரும்புவதா என்பதே அவர் முன்னின்ற வினா. இரண்டு கடன்களையும் ஒருசேரத் தீர்க்க வழியில்லை. அவர் ஏழைகளின் கடனை முதலில் வைத்தார். மன்னரின் கடனுக்குத் தம் உயிரையே ஈடாக வைத்தார். இது சரியா தவறா என்று தீர்ப்புக்கூற நாம் துணியவில்லை. அவர் விலையறியாமற் செய்தாரில்லை என்பதுமட்டும் திண்ணம்.

மறவர் சீமையின் காட்டோரத்தில் குடிசைகள் அமைத்துக்கொண்டு, சில நாளுக்கு ஒருமுறை இடம் மாறி, இரவிலே மக்களைச் சந்தித்து அவர் வாழ்ந்தார். அந்நாளில் தடியத் தேவர் என்னும் பிரபு தீராப் பிணியால் வருந்தினார். அவர் அரச மரபைச் சார்ந்தவர்; அரசுரிமை கோரத்தக்க நிலையினர் என்றும் கருதப்பட்டவர். மருத்துவமும் வேண்டுதலும் பயன்படாமற் போகவே அடிகளுக்கு ஆளனுப்பினார். அடிகள் உபதேசியார் ஒருவரை அனுப்ப, அவர் வேதவாசகம் ஓதி வேண்டினார், நோய் நீங்கியது. நோய் நீங்கியதன் காரணத்தைப்பற்றி அவரவர் சமயத்திற்கேற்ப எண்ணிக்கொள்க. நீங்கியதென்று தடியத் தேவர் நம்பினார். நம்பியவர் நன்றியும் பாராட்டினார். தாமே அச்சமயத்திற் சேரவேண்டுமென்று வற்புறுத்தினார்.

அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியைமட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கினாலன்றி ஞானஸ்நானம் இல்லையென்றார் அடிகள். தேவர் அதற்கும் இசைந்தார். விலக்கப்பட்டோர்க்கு வாழ்வூதியம் அளிப்பதாகவும் ஏற்பாடு செய்தார். 1693-ம் வருஷம் ஜனவரி மாதம் 6-ந் தேதி வேறு பலரோடு அவரும் ஞானஸ்நானம் பெற்றார்.

விலக்கப்பட்ட மனைவியருள் இளையவள் சேதுபதியின் உடன்பிறந்தார் மகள். அவள் அரண்மனை சென்று முறையிட்டாள். அடிகளின் சரித்திரத்தை எழுதியோர் பெரும்பாலும் அவளைக் கொடியவளாகவே சித்திரித்துள்ளனர். நாம் அவ்வாறு எழுத உடன்படோம். முறைப்படி மாலையிட்டு வந்த பெண்ணொருத்தி, தான் செய்த குற்றம் ஒன்றுமின்றி, கணவன் பிணி தீர்ந்ததன் பேரில் வாழ்விழந்தாள். கணவன் செலுத்திய நன்றிக்கு விலை கொடுத்தவள் அவள். அவள் அழுதது நியாயம். அவள் அழுகையைக் கொண்டு அரண்மனையிற் பழைய பகை தீர்த்துக்கொண்டவர் வேறு சிலர் இருந்தனர். அரசுரிமைக்கு உரியவரெனக் கருதப்பட்ட ஒருவர், படையிலும் நாட்டிலும் பெருகிவரும் ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார் என்பது சேதுபதிக்குச் சமயச் செய்தியாக மட்டும் தோன்றியிராது.

ஜனவரி 8-ந் தேதி அடிகள் சிறைப்பிடிக்கப்பட்டு, 11-ந் தேதி இராமநாதபுரம் கொண்டுவரப்பட்டார். தடியத் தேவர் ஓடி ஒளியவில்லை. சபை நடுவே நின்று, தம் உயிரைக் காத்தவருக்காக வழக்குரைத்தார்; மன்னரின் சினத்துக்கு அஞ்சவில்லை. அவருக்கு ஆட்சேபம் சொல்ல ஆயிரம் காரணம் இருந்தது. நோய் தீர்ந்தவன் மருத்துவனை மறப்பது உலகியல்பு. அவர் மறக்கவில்லை. நம் சீமைக்குப் பெருமை தந்த பலருள் இவரையும் வைத்தெண்ணவேண்டுமென்பது நம் கருத்து.

தலைநகரிற் கொன்றாற் கலகம் விளையுமென்று அஞ்சிய சேதுபதி, நாடுகடத்துவதாக வெளிக்கு அறிவித்து, வடவெல்லையில் பாம்பாற்றங்கரையிலுள்ள ஓரியூருக்கு அடிகளை அனுப்பினார். அவ்வூர்ப்பகுதி மன்னரின் தம்பியார் உடையத் தேவரின் ஆட்சியிலிருந்தது. கொன்றுவிடும்படி அவருக்கு இரகசிய ஓலை சென்றது. ஜனவரி 28-ந் தேதி புறப்பட்டவர், சிறையிற் பட்டினியால் மெலிந்த உடம்போடு, சேவகர் இழுக்க நடந்து, 31-ந் தேதி ஓரியூர் சேர்ந்தார். உடையத் தேவர் நெடுநாட் பிணியாளர். தம்மையும் குணப்படுத்துமாறு கேட்டார். அது தம் கையில் இல்லை, ஆண்டவன் கையிலே உள்ளது என்று அடிகள் தெரிவித்தார். ஒரு சிறு பொய்யோ, ஒரு நாள் தவணையோ உயிரைக் காத்திருக்கலாம். அவர் அதை நாடவில்லை.

பிப்ரவரி 3-ந் தேதி சிறைக்கூடத்தில் கரியை நீரிற் குழைத்து மையாக்கித் தம் சகோதரக் குருமார்க்குக் கடிதம் வரைந்தார். தம்மீது சாட்டப்பட்ட குற்றம் தம் போதனை ஒன்றே என்பதையும், அதற்காகச் சாவதில் தமக்கு மகிழ்ச்சியே என்பதையும் அதில் அறிவித்தார். தம்மைப் பிடித்தவரைப்பற்றிக் கடுஞ்சொல் ஒன்றும் வைக்கவில்லை.

மறுநாள் 1693-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 4-ந் தேதி, கிறிஸ்தவர்கள் அனுசரிக்கும் விபூதிப் புதன். ஆற்றங்கரை மணல்மேட்டிற்கு அவரைக் கொண்டுசென்றனர். ஊர் திரண்டது. சிறிதுநேரம் முழந்தாளிட்டு வேண்டியபின் எழுந்து, தம்மை வெட்ட நின்றவனைத் தழுவிக்கொண்டு, அவன் கடமையைச் செய்யுமாறு தெரிவித்தாரென்று வரலாறு கூறும். அவன் ஏவலாள், அவனிடத்துச் சினம் எதற்கு? தலையும் கைகால்களும் துணிக்கப்பட்டன. உடல் கழுமரத்திற் கட்டப்பட்டு, மழையிலும் காட்டு விலங்கின் வாயிலும் பல நாள் கிடந்தது. எஞ்சிய எலும்புகளை அன்பர் சிலர் இரவிலே சென்று எடுத்துக் காத்தனர். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு நிறையவில்லை.

செய்தி லிஸ்பனுக்குச் சென்றபோது அரசர் பெயத்ரீஸ் அம்மையாரை அரண்மனைக்கு அழைத்தார். அவர் துக்க உடை தவிர்த்துத் திருநாளாடை பூண்டு வந்தார். நோயுற்ற பிள்ளைக்காக நேர்ந்துகொண்ட அவ்வங்கியை அப்போது நினைத்திருப்பார் என்று நமக்குத் தோன்றுகிறது. மற்றொரு மகன் பெர்னான் பெரேரா, தம்பியின் சரித்திரத்தை நூலாக எழுதினார். அது 1722-ம் வருஷம் கோயம்பிராவில் அச்சாயிற்று. ஓரியூர், இராமநாதபுரம், காளையார்கோவில் என்னும் நம் ஊர்ப்பெயர்கள் போர்த்துக்கீசிய எழுத்திற் பதிவாயின.

உரோமைச் சபையார் அடிகளை 1853-ம் வருஷம் முத்திப்பேறு பெற்றவராகவும், 1947-ம் வருஷம் ஜூன் மாதம் 22-ந் தேதி புனிதராகவும் அறிவித்தனர். தேவகோட்டையில் அவர் பெயராற் பள்ளி உண்டு. மதுரையையடுத்த கருமாத்தூரில் 1970-ம் வருஷம் தோன்றிய கல்லூரி அருளானந்தர் பெயரையே தாங்கியுள்ளது. வேற்றுச் சமயத்துப் பிள்ளைகளும் அவ்விடங்களிற் பயில்கின்றனர்.

திருவாடானைப் பக்கத்து ஓரியூரில் அவர் மாண்ட மேட்டு மணல் இன்றும் செந்நிறமாயிருக்கிறது. அவர் குருதி படிந்ததால் சிவந்ததென்று மக்கள் நம்புகின்றனர். மண்ணூல் வல்லார் வேறு காரணம் கூறக்கூடும்; நாம் அதிற் புகவில்லை. ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் அங்கே திரள்கிறவர்கள், அவரைப் பிடித்துக் கொடுத்தவரின் வழியினரும், அவருக்குச் சோறிட்டவரின் வழியினருமே. நெற்றியில் நீறணிந்தவரும் வருகின்றனர். பிள்ளைகளை இடுப்பில் ஏந்திய தாய்மார் அம்மணலை ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு, வெயில் ஏறுமுன் ஊர் திரும்ப நடக்கின்றனர்.